சோத்கங்கா இருக்கும்போது நம் கல்லூரிக்குத் தனிக் களஞ்சியம் எதற்கு?

சேலத்தில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் பணிபுரியும் உதவிப் பேராசிரியர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: கல்லூரியில் டிஜிட்டல் ஆய்வுக் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கும் பொறுப்பை அவரிடமும் நூலகரிடமும் ஒப்படைத்திருக்கிறார்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகள்தான் சோத்கங்காவில் ஏறிவிடுகின்றனவே, பிறகு நமக்கென்று தனியாக ஒன்று எதற்கு? ஆய்விதழ்களில் வெளிவந்த கட்டுரைகளை நாமே ஏற்றினால் பதிப்பகத்தார் சிக்கல் செய்வார்களா? எல்லாவற்றையும் திறந்து வைத்தால் யாராவது எடுத்துத் தம் பெயரில் போட்டுக்கொள்ள மாட்டார்களா?

இதே மாவட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரி நூலகராகப் பணியாற்றி வருகிறேன். மூன்று கேள்விகளுமே நியாயமானவை. ஆனால் முதல் கேள்விக்கான விடைதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதால் அதை விரிவாகவே சொல்கிறேன்.

சோத்கங்கா என்பது காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் தேசிய அளவிலான ஆய்வேட்டுக் களஞ்சியம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியை அளிப்பதைக் கட்டாயமாக்கின. அதன் பயனாக இன்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் பல லட்சம் அங்கே யாரும் படிக்கும்படி கிடைக்கின்றன. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கல்லூரிகள் இணைந்திருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகளும் அங்கே இருக்கின்றன. இது பெரிய சாதனை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஒரு காலத்தில் ஓர் ஆய்வேட்டைப் பார்ப்பதற்காகவே சென்னைக்கு ரயிலேறிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பெரியார் பல்கலைக்கழகம் 1997இல்தான் தொடங்கப்பட்டது, அதற்கு முன் சேலத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன, எனவே இந்த ஊரைப் பற்றி இந்த ஊரில் செய்த ஆய்வைப் படிக்கவே மெரினா கடற்கரைவரை போக வேண்டியிருந்தது.

ஆனால் சோத்கங்கா முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்காக அமைந்தது. உங்கள் கல்லூரியில் இதுவரை நடந்த ஆய்வில் அது எத்தனை பங்கு என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். துறை அலமாரிகளில் மெரூன் நிற ராக்சின் அட்டையும் பொன்னெழுத்துமாக அடுக்கியிருக்கும் எம்.ஃபில். ஏடுகள், முதுகலை மாணவர்களின் திட்ட அறிக்கைகள், மானியக் குழுவின் சிறு ஆய்வுத் திட்டத்தில் செய்து முடித்த அறிக்கைகள், துறைக் கருத்தரங்குகளின் தொகுப்பு நூல்கள், பேராசிரியர்கள் களத்தில் எடுத்த புகைப்படங்கள், நேர்காணல் ஒலிப்பதிவுகள் ஆகியவற்றில் பெரும்பாலானவை எங்கேயும் ஏறவில்லை. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளோடு எம்.ஃபில். பட்டமே நிறுத்தப்பட்டுவிட்டது. இனி ஒரு புதிய எம்.ஃபில். ஏடு வரப்போவதில்லை, இருப்பவைதான் கடைசி. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளின் கூலி, கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கு, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்பு, மலைக் கிராமங்களின் கோயில் வழக்காறு என்று இந்த மண்ணைப் பற்றி மிக நெருக்கமாக எழுதப்பட்டவை அந்த ஏடுகளில்தான் இருக்கும் என்பது என் அனுபவம். அவற்றுள் பல தமிழில் எழுதப்பட்டவை. பலவற்றுக்கு ஒரே ஒரு படிதான் மிச்சம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆத்தூர்ப் பக்கத்தில் ஜவ்வரிசி ஆலை நடத்தும் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஆலைக் கழிவுநீர் சுற்றுவட்டாரக் கிணறுகளை எவ்வளவு தூரம் பாதிக்கிறது என்று பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி ஆய்வு செய்ததாகக் கேள்விப்பட்டிருந்தார். ஆய்வு நடந்தது வேறொரு கல்லூரியில். அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கே விசாரித்தபோது ஏடு துறை அலமாரியில் இருப்பதாகவும், சாவி ஆய்வக உதவியாளரிடம் இருப்பதாகவும், வெளியாட்களுக்குக் காட்டும் வழக்கம் இல்லை என்றும் சொன்னார்கள். "எங்க ஊர்த் தண்ணியத்தானுங்க சார் அளந்திருக்காங்க, அத நாங்க பாக்க முடியாதுங்களா?" என்று அவர் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. மூன்றாம் முறை போனபோது அலமாரி திறந்தது. கதவின் உட்புறம் முழுக்கக் கரையான் மண். ஏட்டின் கட்டுமானப் பக்கத்தை, அதாவது இடது ஓரத்தை, மேலிருந்து கீழ்வரை தின்றிருந்தது. நான்காம் இயலில் நீர் மாதிரிகளின் அட்டவணை இருந்தது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அமிலத்தன்மை, கரைந்த திடப்பொருள் என்று எண்கள் வரிசை வரிசையாக அப்படியே இருந்தன. ஆனால் எந்தக் கிணறு, எந்தத் தேதி என்று சொல்லும் முதல் நெடுவரிசை இருந்த இடத்தில் வெறும் அரித்த விளிம்புதான் இருந்தது. அந்த எண்களால் இனி யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. ஒரு பெண் கோடை வெயிலில் புட்டிகளைச் சுமந்துகொண்டு கிணறு கிணறாக இறங்கிச் செய்த வேலை அது.

ஒரு கருத்தை இன்னொருவர் மீண்டும் எண்ணிப் பார்த்து எழுதிவிடலாம். ஆனால் திருமணிமுத்தாற்று நீரை முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அளந்திருந்தால் அந்த அளவை இனி எந்தக் கருவி கொண்டும் அளக்க முடியாது, ஆறு மாறிவிட்டது. இன்று அந்த ஆற்றைச் சீரமைக்க நினைக்கும் பொறியாளருக்கு அந்தப் பழைய எண்தான் வேண்டும். ஆகவே உங்கள் களஞ்சியம் முதலில் சேர்க்க வேண்டியவை உங்களிடம் மட்டுமே இருப்பவை. சோத்கங்காவில் ஏற்கெனவே இருப்பதற்கு ஓர் இணைப்புக் கொடுத்தால் போதும்.

இது விருப்பத்தின்பாற்பட்ட வேலை என்றும் நினைக்க வேண்டாம். எழுத்துத் திருட்டைத் தடுப்பதற்காக மானியக் குழு வெளியிட்ட 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனமும் தன் இணையதளத்தில் நிறுவனக் களஞ்சியம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்றும், அதில் ஆய்வேடுகள், கட்டுரைகள், நிறுவனத்தின் பிற வெளியீடுகள் இடம்பெற வேண்டும் என்றும் சொல்கின்றன. பத்து விழுக்காடு, நாற்பது விழுக்காடு என்று, பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் ஒப்புமை அளவைப் பற்றிய பகுதியை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். அதே விதிமுறைகளில் உள்ள இந்தப் பகுதி பேச்சில் வருவதே இல்லை. நிர்வாகத்திடம் நிதி கேட்கப் போகும்போது அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டு போங்கள்.

இனி பதிப்பகம் பற்றிய கேள்வி. ஓர் ஆய்விதழ்க் கட்டுரைக்கு மூன்று நிலைகள் உண்டு. இதழுக்கு முதலில் அனுப்பும் படி ஒன்று. மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களையெல்லாம் செய்து முடித்து, "ஏற்கப்பட்டது" என்ற கடிதம் வரும் நேரத்தில் உங்கள் கையில் இருக்கும் வேர்ட் கோப்பு இரண்டாவது. இதை ஏற்கப்பட்ட படி என்போம். பதிப்பகம் தன் எழுத்துரு, பக்க எண், இலச்சினையோடு அழகுபடுத்தி வெளியிடுவது மூன்றாவது. சந்தா இதழ்களை நடத்தும் பதிப்பகங்கள் பெரும்பாலும் மூன்றாவது படியைத்தான் தமக்கென்று காத்துக்கொள்கின்றன. எல்சேவியர், ஸ்பிரிங்கர் போன்ற பெரிய பதிப்பகங்களே இரண்டாவது படியை ஆசிரியரின் நிறுவனக் களஞ்சியத்தில், குறிப்பிட்ட காலம் கழித்து, பொதுவாக 12 முதல் 24 மாதம் கழித்து, திறந்து வைக்க அனுமதிக்கின்றன. எந்த இதழ் எதை அனுமதிக்கிறது என்பதைத் தொகுத்துச் சொல்வதற்கென்றே ஷெர்பா ரோமியோ என்ற பெயரில் பிரிட்டனில் ஒரு சேவை நெடுங்காலமாக இயங்கி வந்தது. இப்போது அது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்ற பெயரில் இருக்கிறது. இதழின் பெயரைக் கொடுத்தால் எந்தப் படி, எத்தனை மாதம், என்ன குறிப்புச் சேர்க்க வேண்டும் என்று காட்டிவிடும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நம் பேராசிரியர்களிடம் மூன்றாவது படி மட்டுமே இருக்கும். இரண்டாவதைத் தேடினால் பழைய மடிக்கணினியோடு போயிருக்கும், அல்லது "இறுதி", "இறுதி2", "உண்மை இறுதி" என்று ஏழு கோப்புகள் இருந்து எது எது என்று அவருக்கே தெரியாது. அதனால் நான் எல்லோரிடமும் ஒரே ஒரு வழக்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்: ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே அந்தக் கோப்பையும் மின்னஞ்சலையும் நூலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். பதிப்பகம் விதித்த தடைக்காலம் முடியும்வரை நாங்கள் தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரக் குறிப்பை மட்டும் வெளியில் காட்டிக் கோப்பைப் பூட்டி வைப்போம்; களஞ்சிய மென்பொருளிலேயே தேதி குறித்துவிட்டால் அந்நாளில் தானாகத் திறந்துகொள்ளும். அறிவியல் தொழில்நுட்பத் துறை அல்லது உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியில் ஆய்வு செய்தவர்களுக்கு இதில் தயக்கத்துக்கே இடமில்லை. அவ்விரு துறைகளும் 2014 டிசம்பரில் வெளியிட்ட திறந்த அணுகல் கொள்கை (ஆய்வை யாரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வைப்பதே திறந்த அணுகல்) ஏற்கப்பட்ட படியைக் களஞ்சியத்தில் சேர்க்கும்படி கோருகிறது. உள்ளூர்த் தமிழ் ஆய்விதழ்கள் பலவற்றுக்கு எழுதப்பட்ட கொள்கை எதுவும் இருப்பதில்லை. ஆசிரியர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்; நான் கேட்ட இடங்களில் மறுப்பு வந்ததில்லை. வந்த பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.ஃபில்., முனைவர் பட்ட ஏடுகளில் பதிப்புரிமை எழுதியவருடையது, கல்லூரியுடையதன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமை மாற்றம் என்பது எழுத்தில் இருந்தாக வேண்டும். எனவே பழைய மாணவர்களிடம் ஓர் ஒப்புதல் கடிதம் பெறுவதே முறை. முன்னாள் மாணவர் சங்கத்தின் வாட்ஸப் குழுக்கள் இதற்கு மிக நன்றாகப் பயன்படும். தாம் எழுதியதை இருபது ஆண்டுகள் கழித்து ஒருவர் கேட்கிறார் என்பதே பலருக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மேட்டூர் அருகே பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஓர் அம்மையார், தன் வீட்டில் இருந்த படியில் நெறியாளர் பென்சிலால் எழுதிய திருத்தங்களோடு அப்படியே கொண்டுவந்து கொடுத்தார்.

"ஒரே நாடு ஒரே சந்தா" வந்துவிட்டதே, இனி எல்லாக் கட்டுரையும் கிடைக்குமே என்று சிலர் சொல்கிறார்கள். மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்து, மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கிய அந்தத் திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசு நிர்வாகத்தில் உள்ள கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. நல்ல திட்டம், அதைப் பயன்படுத்த வேண்டும். ஆனால் அது உலகத்தில் எழுதப்படுவதை நாம் படிப்பதற்கான வழி. நாம் எழுதுவதை உலகமும், கல்லூரி வாசலையே மிதிக்காத நம் ஊர் ஆலை முதலாளியும் விவசாயியும் படிப்பதற்கான வழியைக் களஞ்சியம்தான் தர முடியும்.

மூன்றாவதாக, திருட்டு. இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். உழைத்து எழுதியவருக்குத்தான் அது வரும். ஆனாலும் நடைமுறை நேர்மாறாக இருக்கிறது. ஒப்புமை காணும் மென்பொருள் இணையத்திலும் தன் தரவுத்தளத்திலும் உள்ளவற்றோடு மட்டுமே ஒப்பிட முடியும். அலமாரியில் பூட்டிய ஏட்டை யாராவது அப்படியே தட்டச்சு செய்து கொடுத்தால் எந்த மென்பொருளும் சிவப்பு காட்டாது. களஞ்சியத்தில் தேதியோடும் நிலையான முகவரியோடும் இருக்கும் ஏட்டிலிருந்து ஒரு பத்தி எடுத்தாலும் தேடினால் அகப்பட்டுவிடும். எது முதலில் வந்தது என்று வழக்கு எழுந்தால், நீங்கள் ஏற்றிய நாளும் நேரமும் அங்கே பதிவாகியிருக்கும். இதைவிட நல்ல சாட்சி உங்களுக்கு வேறு கிடைக்காது.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான களஞ்சியங்கள் தோற்பது இங்கேதான். ஏற்றியது தேடினால் அகப்பட வேண்டும். மெட்டாடேட்டா என்று நூலகர்கள் சொல்லும் விவரக் குறிப்புத்தான் அதைச் செய்கிறது. தலைப்பு, ஆசிரியர், பொருள், தேதி, மொழி, உரிமை என்று பதினைந்து கூறுகள் கொண்ட டப்ளின் கோர் என்ற வடிவம்தான் இதற்கு அடிப்படை. 1995இல் நடந்த ஒரு கூட்டத்தில் உருவானது. கூட்டம் நடந்த ஊரின் பெயர்தான் அதற்கு. அந்த டப்ளின் அயர்லாந்துத் தலைநகரம் அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள சிறு நகரம். பதினைந்து கட்டங்களையும் நிரப்புவது எளிது. எந்தச் சொல்லால் நிரப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் மாவட்டத்துப் பயிரையே எடுத்துக்கொள்வோம். ஊரில் குச்சிக்கிழங்கு என்போம், நூலில் மரவள்ளி என்று எழுதுவோம், ஆங்கிலத்தில் எழுதும் நம் மாணவர்கள் டேப்பியோக்கா என்பார்கள், உலக ஆய்விதழ்கள் கசாவா என்கின்றன, தாவரவியல் பெயர் மானிஹாட் எஸ்குலென்டா. இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் குறிச்சொல்லாகக் கொடுத்தால் மற்ற நான்கு வாசல் வழியாக வருபவர் நம் ஆய்வைப் பார்க்காமலே போய்விடுவார். இது வெறும் பேச்சன்று. மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் இந்தியாவுக்குள் வந்து, கேரளத்தில் தொடங்கிச் சேலம், நாமக்கல் வயல்கள்வரை பரவியது. இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்தபோது, அதன் தாயகத்தைத் தேடிப் போன ஆய்வாளர்கள் 1981இல் பராகுவே நாட்டில் அதைத் தின்று வாழும் ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியையும் கண்டுபிடித்தார்கள். அந்தக் குளவிதான் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காத்தது. அதே குளவியைப் பெனின் நாட்டிலிருந்து தருவித்து இங்கேயும் 2022இல் வயல்களில் விட்டார்கள். ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் அந்தப் பணியில் பங்கெடுத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு கண்டத்தில் எழுதி வைத்தது இங்கே ஒரு பயிரைக் காக்க உதவியது. ஆனால் அந்தக் குளவிக்கு 1980களின் கட்டுரைகளில் எபிடினோகார்சிஸ் லோபெசி என்று பெயர். பிறகு அபோஅனகைரஸ் ஆயிற்று. இப்போது அனகைரஸ் லோபெசி. இன்றைய பெயரை மட்டும் இட்டுத் தேடும் மாணவருக்குப் பழைய கட்டுரைகள் எளிதில் அகப்படா. பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைத்துக் குறிப்பது யாரோ ஒரு நூலகர் செய்ய வேண்டிய கால் மணி நேர வேலை.

இடப்பெயரும் அப்படியே. சேர்வராயன் மலை, சேர்வராயன் குன்றுகள், ஷெவராய் என்று தமிழிலேயே மூன்று வழக்கு. ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். ஒரு பெயரை முதன்மையாக வைத்துக்கொண்டு மற்றவற்றையும் குறிச்சொல்லில் சேர்த்துவிடுங்கள். ஆட்பெயரில் நமக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது: தலைப்பெழுத்தை முன்னால் போடுபவரும் உண்டு, பின்னால் போடுபவரும் உண்டு; திருமணத்துக்குப் பின் தந்தையின் தலைப்பெழுத்துப் போய்க் கணவரின் தலைப்பெழுத்து வந்து, ஒரே ஆய்வாளர் பட்டியலில் இரண்டு பேராகிவிடுகிறார். 2012 முதல் இயங்கும் ஆர்க்கிட் (ORCID) என்ற 16 இலக்க ஆய்வாளர் எண்ணை எல்லோரும் பெற்றுக்கொள்ளும்படி செய்யுங்கள். இலவசம்தான், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

தமிழ் ஏடுகளுக்கு இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. யூனிகோடு பரவலாவதற்கு முன் தட்டச்சு செய்த கோப்புகள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். திரையில் "சேலம்" என்று அழகாகத் தெரியும். அதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ரோமன் எழுத்துகள் வந்து விழுந்து, மகர மெய்யின் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அரைப்புள்ளி நிற்கும். கணினிக்கு அங்கே தமிழே இல்லை. அந்தப் பிடிஎஃப் கோப்பை அப்படியே ஏற்றினால் கண்ணால் படிக்கலாம், ஆனால் எந்தத் தேடுபொறியாலும் ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது. மூலக் கோப்பு இருந்தால் எழுத்துரு மாற்றியால் யூனிகோடாக்குங்கள். அச்சுப்படி மட்டும் இருந்தால் 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருளால் உரையை எடுத்துப் படத்துக்குப் பின்னால் வையுங்கள். நல்ல அச்சாக இருந்தால் தமிழ் எழுத்துணரி இப்போது ஏற்கத்தக்க அளவுக்கு வந்துவிட்டது. சைக்ளோஸ்டைல் படிகளில் தடுமாறுகிறது. எது முடியாவிட்டாலும் தலைப்பையும், ஒரு பக்கச் சுருக்கத்தையும், இயல் தலைப்புகளையும் யூனிகோடில் கையால் தட்டச்சு செய்து விவரக் குறிப்பில் சேர்த்துவிட வேண்டும். இதில் சமரசம் கூடாது என்பது என் கருத்து.

ஏட்டை இயல் இயலாக உடைக்காமல் ஒரே கோப்பாகவும் வையுங்கள். சோத்கங்காவில் தலைப்புப் பக்கம், சான்றிதழ், உள்ளடக்கம் என்று தனித்தனிக் கோப்பாகப் பதிவிறக்கிய எவருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. கூகுள் ஸ்காலர் தன் வழிகாட்டுதலில் கோப்பு 5 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஸ்கேன் செய்த ஏடுகள் அதைத் தாண்டிவிடும் என்பதால், படிப்பதற்குச் சுருக்கிய படியும் பாதுகாப்புக்குச் சுருக்காத படியும் என இரண்டு வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் திறந்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சேர்வராயன் மலையில் அரிய ஆர்க்கிட் செடிகள் உண்டு. இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டமே ஏற்காட்டில் இருக்கிறது. ஒரு மாணவர் தன் ஏட்டின் பின்னிணைப்பில் ஒவ்வொரு செடியும் நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் எண்ணோடு கொடுத்திருந்தால், அது செடி பறித்து விற்பவருக்கு வரைபடமாகிவிடும். அந்தப் பக்கத்தை மூடி, கிராமப் பெயர் அளவில் நிறுத்தி, முழு விவரம் வேண்டுவோர் துறையை அணுகலாம் என்று குறிப்பிடுங்கள். அதுபோலவே இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் மருத்துவ அறிவைப் பற்றிய ஏடுகள். வைத்தியரின் பெயர், ஊர், புகைப்படம், மருந்துச் செய்முறை எல்லாம் அவற்றில் இருக்கும். ஓர் ஆய்வு மாணவரிடம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னவர் உலகம் முழுவதற்கும் சொல்ல ஒப்புக்கொண்டதாக நாம் எடுத்துக்கொள்ள முடியாது. மலைக்கு ஒரு முறை ஏறிப் போய், இப்படித் திறந்து வைக்கப் போகிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்பதே மரியாதை. அவர் மறைந்திருந்தால் குடும்பத்தாரையும் ஊர்ப் பெரியவரையும் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

மென்பொருளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ஈபிரிண்ட்ஸ், அமெரிக்காவின் எம்ஐடி நூலகமும் ஹெச்பி நிறுவனமும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட டிஸ்பேஸ் ஆகிய இரண்டும் இலவசம். இரண்டும் ஓஏஐ-பிஎம்ஹெச் என்ற பொது நெறிமுறையைப் பேசுவதால் உங்கள் விவரக் குறிப்புகளை பல களஞ்சியங்களை ஒரே இடத்தில் தேடித் தரும் உலகின் எந்தத் திரட்டியும் தானே எடுத்துக்கொள்ளும். சோத்கங்காவும் டிஸ்பேஸில்தான் இயங்குகிறது, அதைத் தெரிந்தவர்கள் நம் பக்கம் அதிகம், எனவே அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாதையில் நமக்கு முன்னோடிகளும் இருக்கிறார்கள்: பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2002இலேயே களஞ்சியம் தொடங்கியது, ரூர்கேலா என்ஐடி 2006இல் தன் ஆசிரியர்கள் எல்லோரும் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது, சென்னையில் இருந்துகொண்டு தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் அவர்கள் திறந்த அணுகலுக்காக ஆண்டுக்கணக்கில் எழுதியும் பேசியும் வந்தார். களஞ்சியம் அமையும்வரை காத்திருக்க முடியாத தனி ஆய்வாளர்கள், ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்தும் ஸெனோடோ என்ற பொதுக் களஞ்சியத்தில் தம் கோப்புகளைக் கட்டணமின்றி வைக்கலாம். நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும்.

நான் மிகவும் அஞ்சுவது தொடங்கிய பின் நடப்பதைப் பற்றித்தான். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருவதற்கு மூன்று மாதம் முன்பு அவசர அவசரமாகக் களஞ்சியம் அமைத்து, இருநூறு கோப்புகளை ஏற்றி, குழு போன பின் அதைப் பராமரித்தவர் வேலை மாறிப் போய், ஆண்டுச் சந்தா கட்டாததால் முகவரியே செத்துப்போன கல்லூரிகளை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். அந்த இருநூறு கோப்புகளை மேற்கோள் காட்டியவர்களின் அடிக்குறிப்புகள் இப்போது வெற்றிடத்தைச் சுட்டிக்கொண்டிருக்கின்றன. ஆகவே வேலையைச் சிறிதாகத் தொடங்குங்கள்: இந்தக் கல்வியாண்டில் ஒரே ஒரு துறையின் எம்.ஃபில். ஏடுகள் போதும். அலமாரியைத் திறந்து, கரையான் தொட்டவற்றை முதலில் பிரித்து எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படி இருக்கட்டும், அதில் ஒன்று கல்லூரி வளாகத்துக்கு வெளியே இருக்கட்டும். ஹேண்டில் அல்லது டிஓஐ என்னும் நிலையான அடையாள எண்ணை முதல் நாளிலிருந்தே கொடுங்கள், பின்னாளில் சர்வர் மாறினாலும் இணைப்பு அறாது. கடவுச்சொற்களும் அமைப்பு விவரங்களும் ஒருவர் மூளையில் மட்டும் இல்லாமல் எழுதி முத்திரையிட்ட உறையில் முதல்வர் அலுவலகத்தில் இருக்க வேண்டும்; இணைய முகவரியைப் புதுப்பிக்க வேண்டிய தேதியை அலுவலகக் கண்காணிப்பாளரின் நாட்காட்டியில், தேர்வுக் கட்டணத் தேதிக்குப் பக்கத்திலேயே, சிவப்பு மையில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.